விமானம் ஓட்டும் முதலாளி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோயில் செல்லும் சாலையில் நீங்கள் எப்போதாவது பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? இரு பக்கமும் தொழிற்சாலைகள்தாம். கார், லாரி, மோட்டார் சைக்கிள், டயர் என்று சக்கரத்தோடு உறவுள்ள எல்லாமே இங்கே தயாராகின்றன. பெரிய தொழிற்சாலைகளின் பெயர்ப் பலகைகள் நம் கண்ணில் படும். அவற்றுக்குத் திருகாணியும் ரப்பர் வளையமும் வார்ப்பு அச்சும் செய்து கொடுக்கும் சிறிய, நடுத்தரத் தொழிற்கூடங்கள் உள்ளே தள்ளி இருப்பதால் அவ்வளவாகப் படுவதில்லை.

அப்படி ஒரு நடுத்தரத் தொழிற்கூடத்தின் முதலாளியைக் கற்பனை செய்து கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு ஓசூரிலிருந்து தொலைபேசி வருகிறது. இவர் அனுப்பிய அச்சு சரியாகப் பொருந்தவில்லை. அங்கே உற்பத்தி நின்றுவிட்டது. வாகனத் தொழிலில் உதிரி பாகங்களை மாதக் கணக்கில் சேமித்து வைப்பதில்லை. சில மணி நேரத்துக்குத் தேவையானதுதான் கையிருப்பில் இருக்கும். ஓர் அச்சு நின்றால் ஒரு தொழிற்சாலையே நிற்கும். காரில் கிளம்பினால் ஓசூர் போய்ச் சேர ஐந்து மணி நேரம் ஆகலாம். அன்று மாலையே கோயம்புத்தூரில் வார்ப்படக்காரரைப் பார்க்க வேண்டும். மறுநாள் தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை. இந்த மனிதருக்குச் சொந்தமாக ஒரு விமானம் இருந்தால்? அதை அவரே ஓட்டினால்?

சிரிக்காதீர்கள். அமெரிக்காவில் நடுத்தரத் தொழில் முதலாளிகளும் பண்ணையாளர்களும் மருத்துவர்களும் ஆயிரக்கணக்கில் இப்படித் தம் வேலைக்குத் தாமே பறக்கிறார்கள். நம் நாட்டில் தொழில் நிறுவனங்களுக்கு விமானங்கள் உண்டு என்றாலும், பெரும்பாலும் சம்பளத்துக்கு அமர்த்திய விமானிகளே அவற்றை ஓட்டுகிறார்கள். ஆனால் இந்தியாவில் விமானி உரிமம் முதலில் பெற்றவர் யார் என்று கேட்டால் பதில் ஒரு தொழிலதிபரின் பெயர்தான். ஜே. ஆர். டி. டாட்டா 1929 பிப்ரவரி 10ஆம் நாள் அந்த உரிமத்தைப் பெற்றார். 1932 அக்டோபர் 15 அன்று கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் மூட்டைகளுடன் ‘பஸ் மாத்’ என்ற சிறு விமானத்தை அவரே ஓட்டி வந்தார். அங்கிருந்து அந்தத் தபாலை பெல்லாரி வழியாக நம் சென்னைக்குக் கொண்டு வந்தவர் அவருடைய கூட்டாளி நெவில் வின்சென்ட். அந்த விமானத்தின் எஞ்சின் ஏறத்தாழ 120 குதிரைத்திறன் கொண்டது. மணிக்கு ஏறக்குறைய 160 கிலோமீட்டர் போகும். இன்றைய ஒரு நல்ல காரைக் கூட வேகத்தில் அது பெரிதாக வென்றுவிட முடியாது.

இன்றைக்கும் பறக்கக் கற்பவர்கள் அப்படிப்பட்ட பிஸ்டன் எஞ்சின் விமானத்தில்தான் தொடங்குகிறார்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 17 வயது, உடல் தகுதி, எழுத்துத் தேர்வு, குறைந்தது 40 மணி நேரப் பறப்பு. இவை இருந்தால் நம் நாட்டில் தனியார் விமானி உரிமம் பெறலாம். பயணியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. சொந்தக் காரியமாகப் பறக்கலாம். சில ஆண்டுகள் இப்படிப் பறந்த முதலாளிக்கு ஓர் ஆசை வரும். இன்னும் வேகமாக, இன்னும் உயரத்தில், மழை மேகத்தைக் கண்டு திரும்பி வராமல் போக வேண்டும். அப்போது அவர் பார்வை விழுவது டர்போபிராப் விமானத்தின் மீது. இந்தப் படி ஏறுவதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. கார் மாற்றுவது போன்ற காரியம் அல்ல அது.

புல்லட்டும் டர்பைனும்

ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள்கள் தயாராகின்றன. அந்த வண்டியின் ‘டப் டப்’ ஓசையைக் கேட்டிருப்பீர்கள். உருளைக்குள் பிஸ்டன் மேலே போய் ஒரு கணம் நிற்கிறது. திரும்பி வந்து கீழே ஒரு கணம் நிற்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் இரு முறை நின்று நின்று ஓடும் எஞ்சின் அது. வேகத்தைக் கூட்டக் கூட்ட இந்த நிறுத்தமும் புறப்பாடும் எஞ்சினைக் குலுக்கி எடுக்கும். சிறு விமானங்களின் பிஸ்டன் எஞ்சினும் இதே குடும்பம்தான்.

டர்பைனில் முன்னும் பின்னும் போகும் உறுப்பு எதுவும் இல்லை. எல்லாம் ஒரே திசையில் சுழல்கின்றன. காற்றை உள்ளே இழுத்து கம்ப்ரெசர் அமுக்குகிறது. அமுங்கிய காற்றில் எரிபொருள் எரிகிறது. சூடான வாயு பாய்ந்து வந்து டர்பைன் தகடுகளைச் சுழற்றுகிறது. பிஸ்டன் எஞ்சினில் உறிஞ்சல், அமுக்கம், எரிதல், வெளியேற்றம் ஆகிய நான்கும் ஒரே உருளைக்குள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கின்றன. இங்கே நான்கும் நான்கு இடங்களில், இடைவிடாமல், ஒரே சமயத்தில் நடக்கின்றன. அதனால்தான் ஏறத்தாழ 250 கிலோ எடையுள்ள பிஸ்டன் எஞ்சின் 350 குதிரைத்திறன் தரும்போது, அதே எடைக்குள் ஒரு டர்பைன் 1,200 குதிரைத்திறன் தருகிறது.

டர்போபிராப் என்பது இந்த டர்பைனைக் கொண்டு புரொப்பெல்லரைச் சுழற்றும் ஏற்பாடு. இதில் புகழ் பெற்றது கனடா நாட்டின் பிராட் அண்டு விட்னி நிறுவனம் செய்த பி.டி.6 எஞ்சின். 1961இல் ஒரு சோதனை விமானத்தின் மூக்கில் பொருத்தி முதன்முதலாக இதைப் பறக்க விட்டார்கள். 1964இல் பீச்கிராஃப்ட் கம்பெனியின் ‘கிங் ஏர்’ விமானத்தில் அது ஏறியது. தொழில் முதலாளிகளின் டர்போபிராப் காலம் அன்றிலிருந்துதான் சூடு பிடித்தது எனலாம். இன்றுவரை ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பி.டி.6 எஞ்சின்கள் வெளிவந்துவிட்டன.

இதன் உட்புறத்தில் ஒரு வேடிக்கை உண்டு. கம்ப்ரெசரைச் சுழற்றும் டர்பைன் வேறு. புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் வேறு. இரண்டையும் இணைக்கும் தண்டு கிடையாது! இது எப்படி என்று வீட்டிலேயே பார்க்கலாம். இரண்டு மேசை விசிறிகளை எதிரெதிரே நெருக்கமாக வையுங்கள். ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அதன் காற்று பட்டு மற்றதும் தானாகச் சுழலத் தொடங்கும். இடையில் தண்டு இல்லை, பல் சக்கரம் இல்லை, காற்றுதான் இணைப்பு. பி.டி.6 எஞ்சினில் மின்விசிறிக்குப் பதில் எரிந்த வாயு. முதல் சுழலி முழு வேகத்தில் நிமிடத்துக்கு 37,000 சுற்றுக்கும் மேல் சுற்றும். இரண்டாவது சுழலியின் வேகத்தைப் பல் சக்கரங்கள் குறைத்துப் புரொப்பெல்லருக்கு நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் தருகின்றன.

இன்னொரு வேடிக்கை: காற்று எஞ்சினின் பின்பக்கமாக உள்ளே நுழைந்து முன்னோக்கிப் போகிறது. புகைபோக்கிகள் விமானத்தின் மூக்கருகே இரு பக்கமும் மீசை போல் நீட்டிக் கொண்டிருப்பது இதனால்தான். புரொப்பெல்லரைச் சுழற்றும் டர்பைன் அதன் அருகிலேயே அமைந்துவிடுவதால் நீளமான தண்டு ஒன்றைக் கம்ப்ரெசரின் நடுவே துளைத்துக் கொண்டு வரத் தேவையில்லை.

ஜெட் ஏன் வேண்டாம்?

டர்பைன்தான் கிடைத்துவிட்டதே, பேசாமல் ஜெட் விமானமே வாங்கிவிடலாமே என்று உங்களில் சிலர் கேட்கலாம். ஒரு சிறு கணக்கு இதற்குப் பதில் சொல்லும்.

விமானம் முன்னே போக, காற்றைப் பின்னே தள்ள வேண்டும். 100 கிலோ காற்றை நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும், 10 கிலோ காற்றை நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் தள்ளினாலும் கிடைக்கும் உந்தம் ஒன்றே: 1,000. ஆனால் செலவாகும் ஆற்றலைப் பாருங்கள். நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால், முதலாவதற்கு 5,000 ஜூல். இரண்டாவதற்கு 50,000 ஜூல். பத்து மடங்கு! நிறையக் காற்றை மெல்லத் தள்ளுவதே சிக்கனம். பெரிய புரொப்பெல்லர் செய்வது அதைத்தான்.

அப்படியானால் எல்லா விமானங்களுக்கும் புரொப்பெல்லரே போதாதா? போதாது. சுவிட்சர்லாந்தின் பிலாட்டஸ் பி.சி.12 என்ற ஒற்றை எஞ்சின் டர்போபிராப்பை எடுத்துக்கொள்வோம். அதன் புரொப்பெல்லரின் விட்டம் 2.67 மீட்டர்; நிமிடத்துக்கு 1,700 சுற்று. இதழின் நுனி நொடிக்கு ஏறத்தாழ 238 மீட்டர் வேகத்தில் சுழல்கிறது. வட்டச் சுற்றளவைக் கொண்டு நீங்களே சரிபார்க்கலாம். விமானமும் மணிக்கு 500 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 139 மீட்டர் முன்னேறுகிறது. இரண்டும் செங்குத்துத் திசைகள் ஆகையால் பித்தாகரஸ் தேற்றப்படி நுனியின் உண்மையான வேகம் நொடிக்கு 276 மீட்டர். 9 கிலோமீட்டர் உயரக் குளிரில் ஒலியின் வேகம் ஏறத்தாழ 303 மீட்டர்தான். ஆக, இதழின் நுனி ஏற்கெனவே ஒலியின் வாசற்படியில் நிற்கிறது. அதைத் தாண்டினால் அதிர்வலைகள் தோன்றி ஆற்றலை விழுங்கிவிடும். காது கிழியும் சத்தமும் வரும். டர்போபிராப்பின் வேக எல்லை இங்கே முடிகிறது.

நம் நாட்டில் டர்போபிராப்புக்கு இன்னொரு சாதகமும் உண்டு. பிஸ்டன் விமானங்களில் பெரும்பாலானவற்றுக்கு ‘ஏவ்கேஸ்’ என்ற தனி வகைப் பெட்ரோல் வேண்டும். நெடுங்காலம் அது வெளிநாட்டிலிருந்தே வந்தது. 2022இல்தான் இந்தியன் ஆயில் நிறுவனம் குஜராத் சுத்திகரிப்பு நிலையத்தில் தயாரித்து வெளியிட்டது. டர்பைனுக்கு வேண்டியதோ, பெரிய பயணி விமானங்கள் குடிக்கும் அதே எரிபொருள். மண்ணெண்ணெயின் நெருங்கிய உறவினர் அது. பயணி விமானம் வந்து போகும் ஊர்களில் கிடைக்கும்.

முதல் பாடம்: கிளப்புவது

நம் முதலாளி டர்போபிராப் வாங்கிவிட்டார். ஒரகடத்தில் ஓடுபாதை கிடையாது. எனவே விமானம் மீனம்பாக்கத்தில் நிற்கிறது. (பரந்தூரில் புதிய விமான நிலையம் அமைக்கும் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டது. அது வந்தால் ஸ்ரீபெரும்புதூர்க்காரர்களுக்கு அருகாமையாக இருக்கும்.) இனி அவர் கற்க வேண்டியவற்றைப் பார்ப்போம்.

பிஸ்டன் எஞ்சின் ஒரு முறை கிளம்பாவிட்டால் மறுபடி முயலலாம். நஷ்டம் ஒன்றும் பெரிதாக இல்லை. டர்பைன் அப்படியல்ல. மின்கலத்தின் சக்தியில் முதல் சுழலி சுற்றத் தொடங்கி, முழு வேகத்தில் 13 சதவீதம் அளவை எட்டிய பிறகே எரிபொருளைத் திறக்க வேண்டும். உள்ளே போகும் காற்றில் சிறு பங்குதான் எரிவதற்கு, பெரும்பங்கு குளிர்விப்பதற்கு. மின்கலம் சோர்ந்திருந்து சுழலி மெதுவாகச் சுற்றும்போது எரிபொருளைத் திறந்துவிட்டால், காற்று போதாமல் வெப்பம் 1,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிப் பாயும். நிக்கல் உலோகக் கலவையில் செய்த தகடுகள் சில நொடிகளில் பாழாகும். பல லட்சம் ரூபாய் அந்தச் சில நொடிகளில் புகையாகிவிடும். ஆகவே ஆசிரியர்கள் முதலில் கற்பிப்பது பறப்பதை அல்ல. வெப்பமானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே எரிபொருளை மூடுவதற்குக் கையைத் தயாராக வைத்திருப்பதைத்தான்.

வாணியம்பாடியில் ஓசூரை நினைப்பது

அடுத்தது வேகம். ஓசூரில் ஒரு தனியார் விமானத் தொழிலகத்துக்குச் சொந்தமான ஓடுபாதை இருக்கிறது. நீளம் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல். 1990களில் அங்கே சிறு விமானங்களையே கட்டினார்கள். மீனம்பாக்கத்திலிருந்து வான்வழியே ஏறத்தாழ 260 கிலோமீட்டர்.

முன்பு பிஸ்டன் விமானத்தில் நம் முதலாளி மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்தில், 2,400 மீட்டர் உயரத்தில் போவார். ஓசூர் ஓடுபாதையே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அவர் இறங்க வேண்டியது கொஞ்சமே. கிருஷ்ணகிரியைத் தாண்டிய பிறகு இறங்குவதைப் பற்றி நினைத்தால் போதும்.

இப்போது கணக்கு மாறுகிறது. டர்போபிராப்பில் 5,500 மீட்டர் உயரத்துக்கு ஏறுவதாக வைத்துக்கொள்வோம். ஏறுவதற்கு 12 நிமிடம். அதற்குள் காஞ்சிபுரம் பின்னால் போய்விடும். பிறகு நிமிடத்துக்கு எட்டு கிலோமீட்டர். பயணிகளின் காது வலிக்காமல் இறங்கப் பத்து நிமிடமாவது வேண்டும்; அதாவது ஓசூருக்கு 75 கிலோமீட்டர் முன்பே, வாணியம்பாடியைத் தாண்டியதுமே இறங்கத் தொடங்கிவிட வேண்டும். உயரத்தில் நேராகப் பறந்தது பதினாறு நிமிடம்தான்! அதற்குள் ஓசூர் வானிலையைக் கேட்டாக வேண்டும், அனுமதி வாங்க வேண்டும், எரிபொருளைக் கணக்கிட வேண்டும், ஓடுபாதையின் எந்த முனை என்று முடிவு செய்ய வேண்டும். பழைய பழக்கத்தில் கிருஷ்ணகிரி வரை சும்மா இருந்தால் அவர் மிக உயரமாகவும் மிக வேகமாகவும் ஓசூருக்கு மேலே வந்து நிற்பார். விமானிகள் இதை, விமானம் முன்னே போய்விட்டது, விமானி பின்னால் ஓடி வருகிறார் என்பார்கள்.

என்னைக் கேட்டால், ஓசூருக்கு மட்டும் போய் வர இத்தனை கோடி ரூபாய் விமானம் வீண். மீனம்பாக்கம் போய்ச் சேரவே ஒரு மணி நேரம் ஆகிறது. அனுமதிகளுக்கு இன்னும் நேரம் வேண்டும். காரைவிட மிச்சமாவது இரண்டு மணி நேரம் இருந்தால் அதிகம். ஓசூர், கோயம்புத்தூர், தூத்துக்குடி மூன்றையும் ஒரே நாளில் முடித்து இரவு வீடு திரும்புவதில்தான் அதன் பயன் தெரியும்.

ஒரே விமானம், வேறு விமானிகள்

இப்படிப் பின்னால் ஓடிய விமானிகளின் கதை ஒன்று உண்டு. ஜப்பானின் மித்சுபிஷி கம்பெனி எம்.யு.2 என்ற இரட்டை எஞ்சின் டர்போபிராப்பைச் செய்தது. 1963இல் அது முதன்முதலில் பறந்தது. சிறிய இறக்கை, பெரிய எஞ்சின்; சின்ன ஜெட் போலப் பாயும். விலையும் கட்டுப்படியானதால், பிஸ்டனிலிருந்து மேலேற விரும்பிய அமெரிக்கத் தொழில்காரர்கள் பலர் அதை வாங்கினார்கள். விபத்துகள் நடந்தன, நடந்துகொண்டே இருந்தன. ‘விதவை செய்யும் விமானம்’ என்ற ரீதியில் பேச்சு எழுந்தது. அதைப் பறக்கவே விடக் கூடாது என்றும் கேட்டார்கள்.

அமெரிக்க விமானத் துறை 2005இல் மறுபடி ஆராய்ந்தது. விமானத்தின் அமைப்பில் குறை சொல்ல முடியவில்லை. மற்ற விமானங்களில் இறக்கை நுனியில் இருக்கும் சாய்ப்புத் தகடுகள் இதில் இல்லை. இறக்கையின் மேலே எழும்பும் தகடுகளே விமானத்தைச் சாய்க்கின்றன. ஓர் எஞ்சின் நின்றுவிட்டால், பிஸ்டன் விமானத்தில் பழகிய கை தானாகச் செய்யும் காரியம் இங்கே ஆபத்தில் கொண்டுவிடும். 2008இல் ஒரு சிறப்பு விதி வந்தது: இந்த விமானத்துக்கென்றே வகுத்த பயிற்சியைப் பெறாதவர் இதை ஓட்டக் கூடாது, பெற்றவரும் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். விபத்துகள் மளமளவென்று குறைந்தன. இறக்கையிலோ எஞ்சினிலோ எந்த மாற்றமும் செய்யாமல் இது நடந்தது.

இன்றைய ஒற்றை எஞ்சின் டர்போபிராப்புகளிலும் பழைய கை வில்லங்கம் செய்வதுண்டு. தரையிறங்க வந்த விமானி, சரியாக வரவில்லை என்று மீண்டும் மேலெழ நினைத்து விசைக்கோலை ஒரேயடியாக முன்னே தள்ளினால் என்ன ஆகும்? பிஸ்டன் விமானத்தில் அது வழக்கமான செய்கை. இங்கே ஆயிரம் குதிரைத்திறன் புரொப்பெல்லரை ஒரு பக்கம் முறுக்கும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி விமானம் எதிர்ப்பக்கம் முறுக்கப்படும். மெதுவாகப் பறக்கும் வேளையில் இறக்கையின் தகடுகளுக்கு அதைத் தடுக்கும் வலிமை குறைவு. தரைக்கு அருகே விமானம் இடப்பக்கம் சாய்ந்து கவிழ்ந்துவிடலாம். ஆகவே கையை அடக்கி, வலது காலால் வால்சுக்கானை மிதித்தபடி, கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளப் பழக வேண்டும்.

மூச்சுத் திணறாத ஆபத்து

எல்லாவற்றிலும் நயவஞ்சகமானது உயரம். 8.5 கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கே. அங்கும் காற்றில் 21 சதவீதம் ஆக்சிஜன்தான். ஆனால் அழுத்தம் இல்லாமல் அது நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குப் போதிய அளவு இறங்காது. எனவே எஞ்சினின் கம்ப்ரெசரிலிருந்து கொஞ்சம் காற்றை எடுத்து விமான அறைக்குள் செலுத்தி அழுத்தத்தைக் காக்கிறார்கள். அது நின்றுவிட்டால் அந்த உயரத்தில் மனிதன் தெளிவாகச் செயல்பட இரண்டு மூன்று நிமிடங்களே கிடைக்கும்.

இதில் வஞ்சகம் எங்கே? தண்ணீரில் மூழ்கும்போது மூச்சு முட்டுகிறதே, அது உடலில் கரியமிலவாயு சேர்வதால் வரும் தவிப்பு. உயரத்தில் கரியமிலவாயு வழக்கம்போல வெளியேறிவிடுகிறது. எனவே தவிப்பு இல்லை. மூளை மட்டும் மெல்ல மங்குகிறது. சிலருக்கு உற்சாகமாகக் கூட இருக்கும். தனக்கு ஆபத்து என்பதை உணர வேண்டிய உறுப்பே முதலில் கெடுகிறது.

2014 செப்டம்பர் 5ஆம் நாள் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் நகரிலிருந்து ஒரு தொழிலதிபர் மனைவியுடன் புளோரிடாவுக்குக் கிளம்பினார். ஓட்டியது டி.பி.எம். 900 என்ற சொந்த டர்போபிராப். அவர் கற்றுக்குட்டி அல்ல, பல்லாண்டு அனுபவசாலி. 28,000 அடி உயரத்தில் கருவிப் பலகையில் ஏதோ சரியில்லை என்று கண்டார். கீழே இறங்க அனுமதி கேட்டார். 18,000 அடிக்கு என்றார். வேறு விமானங்கள் இருந்ததால் முதலில் 25,000 அடிக்கே அனுமதி கிடைத்தது. ஆபத்து என்ற சொல்லை அவர் சொல்லவே இல்லை. சில நிமிடம் கழித்து 20,000 அடிக்கு அனுமதி வந்தபோது பதில் சொன்னார். ஆனால் விமானம் இறங்கவில்லை. போர் விமானங்கள் அருகே பறந்து பார்த்தபோது கண்ணாடிகளில் பனி படிந்திருந்தது. தானியங்கிக் கருவி கியூபாவைத் தாண்டி விமானத்தை ஒழுங்காக ஓட்டிச் சென்றது. எரிபொருள் தீர்ந்ததும் ஜமைக்கா அருகே கடலில் விழுந்தது.

விசாரணையில் தெரிந்தது இது: காற்றுச் செலுத்தும் அமைப்பு தேவையில்லாமல் தானே நின்றுவிடும் சுபாவம் உள்ளதாக இருந்தது. விமானி பார்க்க வேண்டிய சோதனைப் பட்டியலோ, கோளாறைத் தேடுவதற்கு முதலிடம் கொடுத்திருந்தது. ஆக்சிஜன் முகமூடியை அணிவது பின்னால் வந்தது. கையெட்டும் தூரத்தில் முகமூடி இருந்தும், அதை எடுக்க வேண்டும் என்று தோன்றும் மூளைக்கு நேரம் முடிந்துவிட்டது. ஆகவே இப்போது பயிற்சியில் எச்சரிக்கை விளக்கு எரிந்த கணமே முதலில் முகமூடி, பிறகு இறக்கம், பிறகுதான் யோசனை என்று கைக்கே பழக்கிவிடுகிறார்கள்.

நம் ஊர் வானத்துக்கு இன்னொரு பாடமும் தேவை. வடகிழக்குப் பருவத்துக்கு முன்னால் மாலை நேரங்களில் எழும் இடிமேகங்களின் உச்சி 15 கிலோமீட்டரையும் தாண்டும். டர்போபிராப்பின் உச்ச உயரமோ 9 கிலோமீட்டர் அளவு. மேலே தாண்டிப் போக முடியாது. ராடார் பார்த்துச் சுற்றிப் போக வேண்டும், இல்லையேல் திரும்ப வேண்டும். 2001 செப்டம்பர் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் மைன்புரி அருகே மோசமான வானிலையில் ஒரு கிங் ஏர் விழுந்தது. முன்னாள் மத்திய அமைச்சர் மாதவராவ் சிந்தியா உள்ளிட்ட அனைவரும் மாண்டனர். அது ஒரு தொழில் குழுமத்துக்குச் சொந்தமான விமானம். ஓட்டியவர்கள் தொழில்முறை விமானிகள். மாலை ஐந்து மணிக்கு ஓசூரில் வேலையை முடித்த முதலாளிக்கு, இன்று இரவு இங்கேயே தங்கிவிடுவோம் என்று முடிவெடுப்பது விமானம் ஓட்டுவதைவிடக் கடினமாக இருக்கும். சம்பள விமானி ‘இன்று வேண்டாம் சார்’ என்று சொல்ல முடியும். தானே முதலாளியும் விமானியுமாக இருப்பவரிடம் அதைச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

பார்த்துத் தெரிந்து கொள்ளுங்கள்

தொழிலதிபரின் விமானத்தை நெருங்கிப் பார்க்க நமக்கு வாய்ப்புக் கிடைக்காவிட்டால் பரவாயில்லை. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் பறக்கும் ஏ.டி.ஆர். விமானமும் டர்போபிராப்தான். அது நிலையத்தில் நிற்கும்போது வலப்பக்க எஞ்சினைக் கவனியுங்கள். சில சமயம் எஞ்சின் இரைந்து கொண்டிருக்கும். புரொப்பெல்லர் மட்டும் அசையாமல் நிற்கும்! உள்ளே முதல் சுழலி ஓடி மின்சாரமும் குளிர்காற்றும் தருகிறது. இரண்டாவது சுழலியைத் தடை போட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டு விசிறிச் சோதனை இங்கே பெரிய அளவில் நடக்கிறது.

எஞ்சின்களை முழுதும் நிறுத்திய பிறகு இதழ்களின் கோணத்தைப் பாருங்கள். விளிம்பு காற்றை நோக்கியபடி கத்தி போலத் திரும்பியிருக்கும். மீனம்பாக்கத்தில் கடலோரக் காவல் படையின் டார்னியர் விமானம் கண்ணில் பட்டால் அதையும் பாருங்கள். அதுவும் டர்போபிராப்தான், ஆனால் அதன் எஞ்சினில் கம்ப்ரெசர், டர்பைன், புரொப்பெல்லர் மூன்றும் ஒரே தண்டுத் தொடரில் இணைந்தவை. கிளப்பும்போது மின்கலம் புரொப்பெல்லரையும் சேர்த்துச் சுழற்ற வேண்டும். இதழ்கள் கத்தி போல் திரும்பியிருந்தால் அகலப் பக்கம் காற்றைத் தள்ள வேண்டிவந்து சுமை கூடிவிடும். எனவே நிற்கும்போது அதன் இதழ்கள் தட்டையாக, அகலப் பக்கத்தை முன்னே காட்டி நிற்கும். எஞ்சின் மூடியைத் திறக்காமலே உள்ளே இருப்பது எந்த வகை என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.